இருபது முப்பது வருஷ ஆராய்ச்சி, ஆயிரக்கணக்கில் சைட்டேஷன்: இதனால் கொருக்குப்பேட்டைக்கு என்ன?

கொருக்குப்பேட்டைக்காரன் | ஞாயிறு இரவு 9:48

மகள் எம்.எஸ்சி. மரபியல் முடித்துவிட்டாள். ஹைதராபாத்தில் ஒரு லேபில் பி.எச்டி. சேரப்போகிறேன், ஐந்தாறு வருஷம் ஆகும் என்கிறாள். நான் ஹார்பர் பக்கம் ஒரு ஏஜென்சியில் கணக்கு எழுதுகிறவன், வரவும் செலவும் எதிரெதிரே இருந்தால்தான் எனக்கு எதுவும் மண்டையில் ஏறும். நேற்று போனில் ஒரு பக்கத்தைக் காட்டி, அங்கே சி.சி.எம்.பி. என்கிற செல், மூலக்கூறு உயிரியல் ஆராய்ச்சி மையத்தில் இருந்த குமாரசாமி தங்கராஜ் என்பவர், மனித மரபணுத்தொகை ஆராய்ச்சியில் பெரிய ஆள், இவர் மாதிரி வரணும்பா என்றாள். பார்த்தால் முழுக்க எண்கள். இந்தப் பேப்பரை இத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் (அதுதான் சைட்டேஷனாம்), எச் இண்டெக்ஸ் இத்தனை என்று.

பெரிய ஆளாகவே இருக்கட்டும். இருபது முப்பது வருஷம் ஊர் ஊராக ரத்தம் வாங்கி அந்த மனிதர் என்னத்தைக் கண்டுபிடித்தார், அதனால் யாருக்கு என்ன ஆயிற்று? வீட்டில் மச்சான் வேறு "பேப்பர் போட்டா சோறு வருமா மாமா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், கிண்டல் வேண்டாம்.

தேரடி | ஞாயிறு இரவு 9:55

பேங்க் பரீட்சை எழுதச் சொல்லுங்க அண்ணே.

வியாசைப் பையன் | ஞாயிறு இரவு 11:20

தேரடி அண்ணனுக்கு வணக்கம், நானும் பேங்க் பரீட்சை எழுதாமல் ஓடிவந்தவன்தான். இதே துறையில் மூன்றாம் வருஷம், ஊர் வியாசர்பாடி.

கொருக்குப்பேட்டை அண்ணே, முதலில் அந்த எண்ணை முடித்துவிடுவோம், அது சின்ன விஷயம். 2005-ல் ஹிர்ஷ் என்ற ஒரு இயற்பியல்காரர் போட்ட கணக்கு அது. எச் இண்டெக்ஸ் 40 என்றால், உங்கள் பேப்பர்களில் 40 பேப்பராவது ஒவ்வொன்றும் 40 தடவைக்குக் குறையாமல் மற்றவர்களால் எடுத்துச் சொல்லப்பட்டிருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். திட்டுவதற்கு எடுத்துச் சொன்னாலும் அது கணக்கில் ஏறும். நாற்பது பேர் சேர்ந்து எழுதிய பேப்பரில் ரத்தம் வாங்கியவரும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தவரும் பணம் கொண்டுவந்தவரும் ஒரே மாதிரி எண்ணைத்தான் வாங்குவார்கள். எங்கள் துறையில் பெயர் வரிசையில் முதலில் நிற்பவர் பெரும்பாலும் கை வேலை செய்தவர், கடைசியில் நிற்பவர் லேபை நடத்துகிறவர். நடுவில் நிற்பவர்களைப் பற்றிக் கேட்காதீர்கள், நான் அங்கேதான் நிற்கிறேன்.

இப்போது விஷயம். தங்கராஜும் அப்போது சி.சி.எம்.பி. இயக்குநராக இருந்த லால்ஜி சிங்கும் அந்தமானில் ஓங்கே, பெரிய அந்தமானியர் ஆகிய பழங்குடிகளின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை முழுசாகப் படித்து 2005-ல் சயின்ஸ் இதழில் போட்டார்கள். தாய் வழியில் மட்டும் இறங்குகிற டி.என்.ஏ. அது. ஆப்பிரிக்காவிலிருந்து ஆதியில் கிளம்பியவர்களின் வாரிசுகள், பல பத்தாயிரம் வருஷம் தனியாகவே இருந்தவர்கள் என்பது அவர்கள் சொன்னது. உலகமே திரும்பிப் பார்த்தது. அடுத்த வருஷமே அதே இதழில் வேறு ஒரு குழு, நீங்கள் அந்தமானில் மட்டும் இருக்கிறது என்று சொன்ன தாய்வழிக் கிளை ஒன்று இந்திய நிலப்பரப்பிலும் கிடைத்திருக்கிறதே என்று மறுப்பு எழுதியது. அந்த மறுப்பும் ஒரு சைட்டேஷன்தான் அண்ணே. பார்ப்பதற்கு அவமானம் மாதிரி இருக்கும். ஆனால் யாரும் சீண்டாமல் கிடக்கிற பேப்பரை விட இது ஆயிரம் பங்கு மேல்.

அப்புறம் 2009. நேச்சர் இதழில் அமெரிக்காவில் ஹார்வர்டைச் சேர்ந்த மரபியல்காரர் டேவிட் ரைக்கோடு தங்கராஜும் லால்ஜி சிங்கும் சேர்ந்து எழுதியது. 25 சமூகங்களிலிருந்து 132 பேர், ஒவ்வொருவரிடமும் ஐந்தரை லட்சத்துக்கு மேல் இடங்களில் டி.என்.ஏ.வை எழுத்து எழுத்தாக ஒப்பீடு. பெரும்பாலான இந்தியர்கள் இரண்டு பழைய மூதாதைக் கூட்டங்களின் கலப்பு, அவற்றை வட இந்திய மூதாதையர், தென்னிந்திய மூதாதையர் என்று வைத்துக்கொள்வோம் என்றார்கள். 2013-ல் அடுத்தது, இந்தக் கலப்பு நடந்த காலம் இன்றைக்கு 1,900 முதல் 4,200 வருஷத்துக்கு முன்பு என்று. அதற்கப்புறம் கதவு சாத்தப்பட்டுவிட்டது, அவரவர் கூட்டத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். சாதி என்று நாம் சொல்கிறோமே, அதை ரத்தத்தில் தேதி போட்டுக் காட்டிய வேலை இது. நாளைக்கு லேபில் காலை ஆறு மணி ஷிஃப்ட், மீதி பிறகு.

எண்ணூர் கழிமுகம் | திங்கள் காலை 7:05

நல்லா எழுதியிருக்கிறாய் தம்பி, ஆனால் ஒன்றைச் சொல்லாமல் நழுவிவிட்டாய். அந்தப் பெயர்கள் எப்படி வந்தன என்று சொல். 2008-ல் ஹைதராபாத்தில் உட்கார்ந்து பேசும்போது ரைக் வைத்திருந்த முதல் விளக்கத்தில் ஒரு மூதாதைக் கூட்டத்துக்கு "மேற்கு யூரேசியர்" என்று இருந்தது, அது வெளியிலிருந்து கூட்டமாக வந்தார்கள் என்ற பொருள் தரும் என்று நம் ஆட்கள் ஒத்துக்கொள்ளவில்லை, கடைசியில்தான் இந்த வடக்கு, தெற்கு என்ற பெயர் முடிவாயிற்று என்று ரைக்கே பிறகு எழுதியிருக்கிறார். அதாவது அறிவியல் பேப்பரில் ஒரு பெயர் வைப்பதற்குள் இத்தனை அரசியல். 2019-ல் சயின்ஸில் பழைய எலும்புகளிலிருந்து 500-க்கு மேற்பட்டவர்களின் டி.என்.ஏ.வை வைத்து மத்திய ஆசியப் பக்கத்து ஸ்டெப்பி புல்வெளியிலிருந்து ஆட்கள் இந்தியாவுக்கு வந்தார்கள் என்று எழுதினார்களே, அதிலும் தங்கராஜ் பெயர் இருக்கிறது. பத்து வருஷத்தில் பேச்சு எங்கிருந்து எங்கே வந்துவிட்டது பாருங்கள்.

வியாசைப் பையன் | திங்கள் காலை 7:31

நழுவவில்லை அண்ணே, தூக்கம். நீங்கள் சொன்னது சரி. எனக்கு அது குறையாகவும் தெரியவில்லை. 2009-ல் கையில் பழைய எலும்பு டி.என்.ஏ. ஒன்றுகூட இல்லை, உயிரோடு இருக்கிறவர்களை மட்டும் வைத்து யார் எங்கிருந்து வந்தார்கள் என்று சத்தியம் பண்ண முடியாது. தெரிந்த அளவுக்குத்தான் பெயர் வைத்தார்கள்.

பழைய வண்ணை வாத்தியார் | திங்கள் காலை 10:12

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியன். ஹைதராபாத், ஹார்வர்டு என்றே பேசிக்கொண்டு நம் மதுரையை விட்டுவிட்டீர்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிச்சப்பன் தமிழ்நாடு முழுக்க ரத்த மாதிரி சேர்த்தவர். மதுரைப் பக்கம் ஜோதிமாணிக்கம் என்ற ஊரில் ஒரு இளைஞரிடம் எம்130 என்ற அடையாளம் கிடைத்தது, ஆண் வழியில் மட்டும் இறங்குகிற ஒய் குரோமோசோமில். ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் அது உண்டு. அமெரிக்க மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸ் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனார்.

கெட்ட பக்கத்தையும் சொல்கிறேன். அந்தச் செய்தி வந்ததும் நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? "நாங்கதான் முதல் மனுஷன்" என்று போஸ்டர் மனநிலைக்குப் போய்விட்டார்கள். அதே பிச்சப்பன் குழு 2012-ல் தமிழ்நாட்டின் 31 சமூகங்களில் 1,680 ஆண்களின் ஒய் குரோமோசோமைப் படித்து, இந்தப் பிரிவுகள் வருண சாதிமுறை வருவதற்கு முன்பே, விவசாயம் பரவிய காலத்திலேயே தனித்தனியாகப் போக ஆரம்பித்துவிட்டன என்று எழுதியது. அதை எந்தச் சங்கமும் போஸ்டர் அடிக்கவில்லை. ஒரு அடையாளம் உன்னிடம் இருக்கிறது என்றால் அது உன் அப்பாவின் அப்பாவின் அப்பா என்று ஒரே ஒரு நூலைப் பற்றியது. பத்துத் தலைமுறைக்கு மேலே போனால் உனக்கு ஆயிரத்துக்கு மேல் முன்னோர், அதில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு ஆடுவது எப்படி நியாயம்?

தேரடி | திங்கள் பகல் 1:40

நானும் கூகுள் பண்ணினேன் அண்ணே. இந்தத் தங்கராஜ் இருந்த குழு 2009-ல் நேச்சர் ஜெனடிக்ஸில் ஒரு பேப்பர் போட்டிருக்கிறது. இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்து காணாமல் போயிருக்குமாம். நம் பக்கத்து ஜனங்களில் 4 சதவீதம் பேரிடம் இருக்கிறதாம். இருந்தால் இதயத் தசை நோய் வர ஏழு மடங்கு வாய்ப்பாம். நூற்றுக்கு நாலு! நம் தெருவில் முந்நூறு வீடு இருக்கிறது, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கொருக்குப்பேட்டைக்காரன் | திங்கள் இரவு 8:15

கேட் போட்டிருந்தார்கள், வண்டியை நிறுத்திவிட்டு இதைப் படித்ததிலிருந்து வயிற்றைக் கலக்குகிறது. என் அண்ணன் 44 வயதில் போனவர். நெஞ்சுவலி என்றுகூடச் சொல்லவில்லை, குழாயடியில் தண்ணீர்க் குடத்தோடு விழுந்தார். இதயம் வீங்கியிருந்தது என்று பிறகு சொன்னார்கள். அவர் பையனுக்கும் எனக்கும் அந்த 25 எழுத்து இருக்குமா? எங்கே போய்ப் பார்ப்பது?

வியாசைப் பையன் | திங்கள் இரவு 8:40

அண்ணே, பதறாதீர்கள். தேரடி அண்ணே, பாதிப் பேப்பரைப் படித்துவிட்டு நெருப்பு வைக்காதீர்கள்.

2009-ல் அவர்கள் கண்டது உண்மை. அந்த 25 எழுத்துக் குறை நம்மவர்களிடம் பரவலாக இருப்பதும் உண்மை, நோயாளிகளிடம் அது அதிகமாகத் தெரிந்ததும் உண்மை. ஆனால் 4 சதவீதம் பேரிடம் இருக்கிற ஒன்று அவ்வளவு கொடியது என்றால் நம் ஊரில் இதயத் தசை நோயாளிகள் இன்னும் எவ்வளவோ பேர் இருக்க வேண்டுமே என்று பலருக்கும் உறுத்தியது. 2020-ல் வேறொரு குழு திரும்பப் பார்த்தது. அந்தக் குறை இருக்கிறவர்களில் ஒரு சிறு பங்கினரிடம் அதே மரபணுவில் இன்னொரு இடத்தில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது, இரண்டும் ஒரே இழையில் சேர்ந்து இறங்குகின்றன, பெரும்பாலான ஆபத்து அந்த இரண்டாவது ஆளிடம் இருந்துதான் வருகிறது என்று சொன்னது. கூட்டத்தில் ஜேப்படி அடித்தவன் ஒருத்தன், அவனோடு ஒரே பஸ்ஸில் வந்த பாவத்துக்கு ஊரே அடி வாங்கின கதை. வெறும் 25 எழுத்துக் குறை மட்டும் இருக்கிறவர்களுக்கு ஆபத்து முதலில் நினைத்ததை விட ரொம்பக் குறைவு.

அண்ணன் விஷயத்தில் இந்தப் பேப்பர் எதையும் நம்பி உட்கார வேண்டாம். சின்ன வயதில் வீங்கிய இதயத்தோடு ஒருவர் போயிருக்கிறார் என்றால் அவர் பையனும் நீங்களும் இதய டாக்டரிடம் போய் ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்துக்கொள்ள அது ஒன்றே போதும். மரபணுப் பரிசோதனை தேவையா என்பதை அதற்கப்புறம் டாக்டர் சொல்வார்.

தண்டையார்பேட்டை லேப் அக்கா | திங்கள் இரவு 9:02

எக்கோ கட்டாயம் எடுங்கள் அண்ணா. தள்ளிப்போட வேண்டாம். பையனையும் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள், தனியாகப் போகச் சொன்னால் போகமாட்டான், அந்த வயசு அப்படி.

கொத்தவால்சாவடி பேரன் | திங்கள் இரவு 11:37

இவ்வளவு நாள் படித்துவிட்டு மட்டும் போகிறவன், இன்றைக்கு எழுதுகிறேன். அந்த 2009 நேச்சர் பேப்பரை டவுன்லோட் பண்ணி சமூகங்களின் பெயர் வரிசையைச் சும்மா பார்த்துக்கொண்டு வந்தேன். "வைசியா" என்று இருந்தது. அது நாங்கள். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், தாத்தாவுக்குக் கொத்தவால்சாவடியில் கடை, மார்க்கெட் கோயம்பேடு போன பிறகும் நாங்கள் போகவில்லை. எங்கள் ஆட்களின் மூதாதைக் கூட்டம் 100 தலைமுறைக்கு முன்பே சுருங்கிப்போய், அன்றிலிருந்து வெளியிலிருந்து கலப்பு அநேகமாக இல்லாமலே வந்திருக்கிறது என்று போட்டிருக்கிறார்கள். நூறு தலைமுறை! எங்கள் பாட்டி கேட்டால் சந்தோஷப்பட்டிருப்பார், எனக்கு என்னமோ மாதிரி இருந்தது.

கேட்க வந்தது வேறு. பாட்டிக்கு 1990-களில் ஒரு ஆபரேஷன். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். அரை மணி நேர வேலை என்றார்கள், ஆபரேஷனும் முடிந்தது, ஆனால் பாட்டி மூச்சு விடவில்லை. ராத்திரி வரைக்கும் மெஷினில் வைத்திருந்தார்கள். அப்புறம் தானாகவே எழுந்துவிட்டார். "மயக்க மருந்து ஒத்துக்கல" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள், அதோடு சரி. பாட்டி மட்டும் சாகிறவரைக்கும் "எனக்கு எல்லாம் கேட்டுச்சுடா, கையை அசைக்க முடியல" என்று சொல்லுவார். நாங்கள் நம்பவில்லை. இந்த நூறு தலைமுறைக்கும் அதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

தியேட்டர்க்காரன் | செவ்வாய் காலை 5:50

பேரைப் பார்த்து சினிமா தியேட்டர் என்று நினைக்க வேண்டாம், ஆபரேஷன் தியேட்டரில் மயக்க டாக்டருக்கு உதவியாளன், 22 வருஷம். நைட் டியூட்டி முடிந்து ராயபுரத்தில் டீ குடித்துக்கொண்டே எழுதுகிறேன்.

தம்பி, சம்பந்தம் இருக்கிறது. உங்கள் பாட்டி சொன்னது பொய்யாக இருக்காது.

தொண்டையில் குழாய் இறக்குவதற்கு முன்னால் உடம்புத் தசையெல்லாம் தளர ஒரு ஊசி போடுவோம், ஸ்கோலின் என்று சொல்வோம். அதன் அழகே சீக்கிரம் பிடித்துச் சீக்கிரம் விடுவதுதான், ஐந்து பத்து நிமிஷத்தில் ரத்தத்தில் இருக்கிற ஒரு நொதி அதை உடைத்துப் போட்டுவிடும். அந்த நொதி பிறவியிலேயே வேலை செய்யாதவர்கள் சிலர் இருக்கிறார்கள், அவர்களுக்கு மருந்து உடையாது, மணிக்கணக்கில் தசை அசையாது. மூச்சு விடுவதும் தசைதானே. வென்டிலேட்டரில் வைத்து, தூக்க மருந்தை நிறுத்தாமல், பொறுமையாகக் காத்திருந்தால் தானாக விடும், ஒன்றும் ஆகாது. தூக்க மருந்தை மட்டும் முன்னாலேயே நிறுத்திவிட்டால்தான் உங்கள் பாட்டி சொன்ன கதை. காது கேட்கும், கை வராது.

எங்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்த சீனியர் ஒருவர், சௌகார்பேட்டை, பார்க் டவுன் பக்கத்திலிருந்து கோமுட்டிச் செட்டியார், அதாவது உங்கள் வைசியர் வீட்டுக் கேஸ் வந்தால் "முன்னாடி யாருக்காவது எழுந்திருக்க லேட் ஆச்சா கேளு" என்று எப்பவும் சொல்லுவார். ஏன் என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அனுபவம்.

தண்டையார்பேட்டை லேப் அக்கா | செவ்வாய் காலை 8:20

அந்த நொதியைப் பார்க்கிற டெஸ்ட் எங்களிடமே இருக்கிறது தம்பி. சீரம் கோலினெஸ்ட்ரேஸ். பூச்சிமருந்து குடித்துவிட்டு வருகிறவர்களுக்கு அவசரமாகப் போடுவோமே, அதுதான். சாதாரண ரத்தம் போதும், ஜீன் டெஸ்ட் வரைக்கும் ஓட வேண்டியதில்லை. பதினெட்டு வருஷமாக இந்த டெஸ்ட்டை ஓட்டுகிறேன், இதற்கு இப்படி ஒரு கதை இருப்பது இன்றைக்குத்தான் தெரியும்.

வியாசைப் பையன் | செவ்வாய் பகல் 12:48

கொருக்குப்பேட்டை அண்ணே, இதைத்தான் நான் இரண்டு நாளாகச் சொல்ல வந்து சொல்லத் தெரியாமல் திணறினேன்.

சீனியருக்குத் தெரியாத அந்த "ஏன்" எப்படி வந்தது என்று பாருங்கள். கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் ஆர். பூபதியின் குழு வைசிய சமூகத்தில் அந்த நொதி இல்லாதவர்களைத் தேடிப் பிடித்து, மரபணுவில் எங்கே தப்பு என்று 2006-ல் எழுதியது. புரதத்தில் 307-வது இடத்தில் லியூசின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் புரோலின் என்ற வேறொன்று. அவ்வளவுதான் பேப்பர். நேச்சரில் வரவில்லை, டி.வி.யில் வரவில்லை. மூன்று வருஷம் கழித்து 2009 பேப்பர் வேறு ஒரு பாதையில் வந்து, அந்தச் சமூகம் சின்னக் கூட்டத்திலிருந்து பெருகியது என்று காட்டியது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் விடை கிடைக்கிறது. ஆதியில் இருந்த கொஞ்சப் பேரில் ஒருவரிடம் அந்த எழுத்துப்பிழை இருந்திருக்கிறது, வெளியில் பெண் எடுக்காததால் அது நீர்த்துப்போகவே இல்லை, சமூகம் லட்சக்கணக்கில் பெருகப் பெருகப் பிழையும் பெருகிவிட்டது. மற்றவர்களை விட அவர்களிடம் சுமார் 100 மடங்கு அதிகம் என்கிறார்கள்.

2017-ல் தங்கராஜும் ரைக்கும் இதையே பெரிதாகச் செய்தார்கள். 260-க்கு மேற்பட்ட தெற்காசியச் சமூகங்கள், 2,800-க்கு மேல் ஆட்கள். கொஞ்சப் பேரிலிருந்து பெருகியவர்கள் என்று பெயர்பெற்ற அஷ்கெனாசி (ஐரோப்பிய) யூதர்களையும் பின்லாந்துக்காரர்களையும் விட அதில் 81 சமூகங்கள் சின்ன வாசலில் நுழைந்து வந்தவை, அதில் 14 சமூகங்கள் ஒவ்வொன்றும் பத்து லட்சம் பேருக்கு மேல். அக்கா மகளையோ மாமன் மகளையோ கட்டினால்தான் பிள்ளைக்கு ஆபத்து என்று நாம் நினைக்கிறோம். இங்கே சொந்தமே இல்லாத, வேறு ஜில்லாவில் பெண் எடுத்தாலும் அதே சாதிக்குள் என்றால், நூறு தலைமுறைக்கு முன்னால் இருவரும் ஒரே வீடு. இதை எந்த ஜாதகத்திலும் பார்க்க முடியாது. வைசியர்களுக்கு விடை கிடைத்துவிட்டது, மீதி எண்பதில் என்னென்ன ஒளிந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். உங்கள் மகள் ஐந்தாறு வருஷம் என்று சொல்வதற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

சைட்டேஷன் எண்ணில் 2009 பேப்பர் மலை, 2006 பேப்பர் மடு. எனக்குக் கேட்டால் பாட்டி விஷயத்தில் இரண்டும் சமம், கொஞ்சம் கோவைக்கு அதிகமாகவே போடுவேன்.

எண்ணூர் கழிமுகம் | செவ்வாய் மாலை 6:30

இது நல்ல கதைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரத்தம் கொடுத்தவன் கேள்வி ஒன்று பாக்கி. ஜீனோம் இந்தியா என்று 2020-ல் ஆரம்பித்துப் பத்தாயிரம் பேரின் மரபணுத்தொகையை முழுசாகப் படித்துவிட்டார்கள், ஒருங்கிணைத்தவர்களில் தங்கராஜும் ஒருவர், 2025 ஜனவரியில் தரவு ஆராய்ச்சியாளர்களுக்குத் திறக்கப்பட்டது, ஃபரீதாபாத்தில் சேமித்து வைத்திருக்கிறார்கள். வேண்டியதுதான், உலகத்தில் இதுவரை நடந்த பெரிய மரபணு ஆய்வுகளில் கலந்துகொண்டவர்களில் பத்தில் எட்டுப் பேர் ஐரோப்பிய வழி வந்தவர்கள், நம் நோய் அதில் எப்படித் தெரியும்? என் கேள்வி, பேப்பர் வந்த பிறகு எந்தக் கொத்தவால்சாவடி வீட்டுக்காவது யாராவது வந்து உங்களுக்கு இந்த ஊசி கவனம் என்று சொன்னார்களா? இந்தப் பையன் சும்மா டவுன்லோட் பண்ணியதால் தெரிந்தது. பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆன பிறகு.

வியாசைப் பையன் | செவ்வாய் மாலை 6:52

சொல்லவில்லை. அதற்கு என்னிடம் பதில் இல்லை அண்ணே. சொல்லும் வேலைக்குச் சைட்டேஷன் கிடையாது, அதனால் யாரும் செய்வதில்லை, உண்மை அதுதான்.

கொருக்குப்பேட்டைக்காரன் | புதன் இரவு 9:10

இன்று அண்ணன் பையனும் நானும் எக்கோ எடுத்தோம். எனக்குச் சரி. அவனுக்கு டாக்டர் ஆறு மாதம் கழித்துத் திரும்ப வரச் சொன்னார், பயப்பட ஒன்றும் இல்லை என்றார்.

மகளிடம் இந்த இழையைக் காட்டினேன். பூபதி பேப்பர் அவளுக்கே தெரிந்திருக்கவில்லை, உடனே இறக்கிப் படித்துக்கொண்டிருக்கிறாள். மச்சானிடம் பேசவில்லை, பேசினால் ஒரு மணி நேரம் ஆகும். டிக்கெட் போட்டாயிற்று.

கொத்தவால்சாவடி பேரன் | புதன் இரவு 10:25

தியேட்டர் அண்ணே, ஒரு உதவி. எங்கள் அத்தைக்கு, பாட்டியின் மகள்தான், அடுத்த மாதம் பித்தப்பை ஆபரேஷன். டாக்டரிடம் போய் "நேச்சர் பேப்பரில் போட்டிருக்கிறது" என்று சொன்னால் என்னை வெளியே அனுப்பிவிடுவார். என்ன வார்த்தை சொல்ல வேண்டும்?

தியேட்டர்க்காரன் | வியாழன் காலை 6:05

ஆபரேஷன் டாக்டரிடம் சொன்னால் போதாது தம்பி. முந்தின நாள் மயக்க டாக்டர் பார்க்க வருவார், அவர் கையில் கொடுங்கள், சீட்டில் எழுதி. "தாயாருக்கு ஆபரேஷனில் மயக்க ஊசி (ஸ்கோலினாக இருக்கலாம்) போட்டபோது மூச்சு திரும்ப ராத்திரி வரை ஆனது, நாங்கள் ஆரிய வைசியர், கோலினெஸ்ட்ரேஸ் குறைவு இருக்கலாம்." இந்த மூன்று போதும், அவருக்குப் புரிந்துவிடும். ஸ்கோலினுக்குப் பதில் வேறு ஊசி இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்வார். லேப் அக்காவிடம் முன்னாடியே ரத்தம் கொடுத்து ரிப்போர்ட்டையும் சீட்டோடு பின் பண்ணிவிடுங்கள். உங்கள் பெயர், போன் நம்பரையும் சீட்டில் எழுதுங்கள், கேஸ் ஷீட்டிலிருந்து சீட்டு கழன்று விழுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தண்டையார்பேட்டை லேப் அக்கா | வியாழன் காலை 8:11

காலையில் பத்து மணிக்குள் அத்தையைக் கூட்டிவாருங்கள். சாப்பிட்டுவிட்டே வரலாம்.